கட்டட வரைபடம் பொதுமக்கள் கைக்கு வரும்போது



கட்டடக்கலை மாணவர்களும் அச்சுத்துறையில் வடிவமைப்பு வேலை பார்ப்பவர்களும் ஒரே அரங்கில் உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு அடிக்கடி அமைவதில்லை. ஆனால் நீங்கள் இரு தரப்பும் கையாள்வது ஒரே வரைபடத்தைத்தான். ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் ஆட்டோகேடில் பிறந்த பிளான், பிறகு ஒரு வடிவமைப்பாளரின் கணினிக்குப் போகிறது. அங்கே இல்லஸ்ட்ரேட்டரிலோ கோரல்டிராவிலோ திறக்கப்படுகிறது. வீடு விற்கும் பிரோஷராக, மருத்துவமனைச் சுவரில் வழிகாட்டிப் பலகையாக, தீ விபத்தின்போது வெளியேறும் வழியைக் காட்டும் படமாக, அருங்காட்சியகத்தின் துண்டறிக்கையாக அச்சாகிறது. இந்தப் பயணத்தில் அந்த வரைபடத்துக்கு என்ன நேர்கிறது என்பதைப் பற்றி இன்று பேசப் போகிறேன்.

இதை வெறும் ஃபைல் மாற்றும் வேலை என்று கருதுபவர்கள் உண்டு. ஃபார்மட்டை மாற்றிச் சேமித்து அனுப்பினால் முடிந்தது என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கொத்தனாருக்கும் கம்பி கட்டுபவருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் உத்தரவாக எழுதப்பட்டது கட்டட வரைபடம். கட்டுமானம் பற்றி எதுவும் அறியாத ஒருவர் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்ளும்படி அதைத் திரும்ப எழுதுவதுதான் இந்த வேலை. அப்படி எழுதும்போது நிறைய விட வேண்டியிருக்கும். விட்டது போக மிஞ்சியதில் எதையும் மாற்றக் கூடாது. நான் சொல்ல வந்ததெல்லாம் இந்த இரண்டுக்குள் அடங்கும்.

கொஞ்சம் வரலாறு. 1963-இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் தன் முனைவர் பட்டத்துக்காக ஸ்கெட்ச்பேட் என்ற நிரலை எழுதினார். ஒளிப்பேனாவைத் திரையில் வைத்துக் கோடு வரையலாம், வரைந்த கோட்டைப் பிடித்து நகர்த்தலாம். கணினியில் பொறியியல் வரைபடம் வரையும் கேட் மென்பொருளும் கணினி ஓவிய மென்பொருளும் அதைத்தான் தங்கள் மூதாதையாகச் சொல்லிக்கொள்கின்றன. சதர்லேண்ட் டேவிட் எவன்ஸோடு சேர்ந்து 1968-இல் தொடங்கிய நிறுவனத்தில் பின்னர் வேலை பார்த்தவர் ஜான் வார்னாக். அவரும் சார்லஸ் கெஷ்கேயும் 1982 டிசம்பரில் அடோபியைத் தொடங்கினார்கள். அதே 1982-இல், அடோபி பிறந்த அதே சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில், ஜான் வாக்கரும் அவருடைய கூட்டாளிகளும் ஆட்டோடெஸ்க்கைத் தொடங்கி, ஆண்டு முடிவதற்குள் ஆட்டோகேடின் முதல் பதிப்பை வெளியிட்டுவிட்டார்கள்.

இரண்டு நிறுவனங்களும் கேட்டுக்கொண்ட கேள்விகள் வேறு. ஆட்டோடெஸ்க்குக்கு டிராயிங் போர்டையும் டி-ஸ்கொயரையும் கணினிக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. வரையும் பொருள் எத்தனை மில்லிமீட்டர் என்பதே அதற்கு முக்கியம். அடோபிக்கு லேசர் பிரிண்டரில் வெளிவரும் பக்கம் முக்கியம். 1985-இல் ஆப்பிளின் லேசர்ரைட்டரில் ஏறிய போஸ்ட்ஸ்கிரிப்ட், 1987-இல் வந்த இல்லஸ்ட்ரேட்டர், 1993-இல் வந்த பிடிஎஃப் மூன்றும் இந்தக் கோடு தாளில் எந்த இடத்தில், எவ்வளவு தடிமனில், என்ன நிறத்தில் விழ வேண்டும் என்றே கேட்கின்றன. நாம் இன்று படும் பாட்டில் பெரும்பகுதி இந்த வேறுபாட்டிலிருந்து கிளைத்ததுதான்.

அளவிலிருந்து தொடங்குகிறேன். நம் ஊர் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரை வரைபடத்தில் 230 மி.மீ. என்று போடுகிறோம். ஆட்டோகேடின் மாடல் ஸ்பேஸில் அதன் தடிமன் 230 அலகு. கட்டடம் அதற்குள் முழு அளவில் நிற்கிறது. தாளுக்கு வரும்போதுதான் 1:50, 1:100 என்ற விகிதமெல்லாம். வடிவமைப்பு மென்பொருளில் தாள்தான் முதலில் வருகிறது. அதன் அடிப்படை அலகு பாயின்ட், அதாவது அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு. 12 மீட்டர் நீள வீடு கேடில் 12,000 அலகு. அதைக் கொண்டுவரும்போது ஓர் அலகை ஒரு பாயின்ட் என்று மென்பொருள் எடுத்துக்கொண்டால், அந்த வீடு தாளில் 4.23 மீட்டர் நீளமாகும். 30 மீட்டர் கட்டடமென்றால் 10 மீட்டரைத் தாண்டும். இல்லஸ்ட்ரேட்டரின் வழக்கமான ஆர்ட்போர்டு, அதாவது வரைதளம், ஒரு பக்கத்துக்கு 16,383 பாயின்ட் வரைதான் நீளும். அது சுமார் 5.78 மீட்டர். கட்டடம் அதற்குள் அடங்காது. உடனே பலரும் கண்ணுக்கு ஒத்த அளவுக்கு இழுத்துச் சுருக்கிவிடுகிறார்கள். அந்த நொடியிலேயே படம் தன் விகிதத்தை இழந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அதன்மேல் அளவுகோல் போட்டால் அந்த அளவுகோல் பொய் சொல்லும்.

கணக்கு எளியதுதான். மி.மீ. அலகில் வரைந்ததை 1:100-இல் தாளுக்குக் கொண்டுவர வேண்டுமானால், ஓர் அலகு 0.01 மி.மீ. ஆக வேண்டும், அதாவது 0.02835 பாயின்ட். அலகு பாயின்டாக வந்திருந்தால் 2.835 சதவீதத்துக்குச் சுருக்க வேண்டும். வரைந்தவர் மி.மீ.யில் வரைந்தாரா, அங்குலத்திலா, மீட்டரிலா என்பது தெரிந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். கேட் படங்களைப் பரிமாறப் பயன்படும் டிஎக்ஸ்எஃப் கோப்பின் தலைப்பகுதியில் அலகைக் குறிக்க ஓர் இடம் இருக்கிறது. பல அலுவலகங்களில் அது அலகில்லை என்ற நிலையிலேயே கிடக்கிறது. நம் ஊரில் கட்டடம் மி.மீ.யிலோ அடி அங்குலத்திலோ இருக்கும், மனை லே-அவுட் மீட்டரில் இருக்கும், இரண்டும் ஒரே கோப்பில் ஒட்டப்பட்டிருக்கும். ஆகவே அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அனுப்பும் முன் படத்தின் ஓரத்தில் சரியாக 10 மீட்டருக்கு ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 10 மீட்டர் என்று எழுதிவிடுங்கள். பெறுபவர் வேறு எதையும் நம்ப வேண்டாம், அந்தக் கோட்டை அளந்து பார்த்தால் போதும். 1:100-இல் அது 10 செ.மீ. இருக்க வேண்டும்.

சர்வே செய்த மனையில் வரைந்த படமென்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சென்னைப் பகுதிக்கான யூடிஎம் ஆயத்தொலைவுகளில் கிழக்கு மதிப்பு 4 லட்சம் மீட்டருக்கு மேல், வடக்கு மதிப்பு 14 லட்சம் மீட்டருக்கு மேல். கேட் அந்த எண்களைத் தாங்கும். தாள் அளவுக்காகக் கட்டப்பட்ட மென்பொருளில் அந்தப் படம் ஆர்ட்போர்டுக்கு எங்கோ வெளியே போய் விழும், அல்லது துல்லியம் சிதையும். ஏற்றுமதிக்கு ஒரு பிரதி எடுத்து, அதில் மட்டும் கட்டடத்தின் ஒரு மூலையைப் பூஜ்யப் புள்ளிக்கு நகர்த்திவிட்டு அனுப்புவதே வழி.

வட்டங்களைப் பற்றி மாணவர்கள் கேட்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேடில் வட்டம் என்பது மையமும் ஆரமும்தான், அப்பழுக்கற்ற வட்டம். இல்லஸ்ட்ரேட்டரில் எல்லா வளைவும் பெஸியே வளைவு. ரெனோ கார் தொழிற்சாலையில் பியர் பெஸியேயும் அதற்கு முன்பே சித்ரோயன் தொழிற்சாலையில் பால் த காஸ்தல்ஜோவும் காரின் உடலை வரைவதற்கென்று உருவாக்கிய முறை அது. அதைக் கொண்டு வட்டத்தைச் சரியாக எழுத முடியாது, மிக நெருங்கத்தான் முடியும். நான்கு துண்டுகளால் ஆன வட்டத்தில் பிழை ஆரத்தின் 0.027 சதவீதம் அளவில் இருக்கும். 100 மீட்டர் ஆரத்துக்கு அது 2.7 செ.மீ. அச்சுத் தாளில் யார் கண்ணுக்கும் படாது. ஆனால் அந்தப் படத்தையே திரும்ப எடுத்து, சைட்டில் அளவு குறிக்கவோ கிரானைட் வெட்டவோ யாரும் பயன்படுத்தக் கூடாது. அச்சுக்குப் போன படம் கட்டுமானத்துக்குத் திரும்பலாகாது.

இனி சுவர். இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

1748-இல் ஜாம்பாத்திஸ்தா நோலி ரோம் நகரின் வரைபடத்தை வெளியிட்டார். 1736-இல் அளக்கத் தொடங்கி, பன்னிரண்டு செப்புத் தகடுகளில் செதுக்கி அச்சிட்டது. கட்டடக்கலை படித்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்திருப்பீர்கள். அச்சுத்துறை நண்பர்கள் பார்க்காமலிருந்தால் கட்டாயம் தேடிப் பாருங்கள். கட்டடங்களைக் கருமையாக நிரப்பினார், தெருக்களையும் சதுக்கங்களையும் வெள்ளையாக விட்டார். அதோடு நின்றிருந்தால் அது இன்னொரு நகர வரைபடம், அவ்வளவுதான். அவர் தேவாலயங்களின் உட்புறத்தையும் மாளிகை முற்றங்களையும் வெள்ளையாக விட்டார். பாந்தியனின் வட்டக் கூடம் வெளியே இருக்கும் சதுக்கத்தோடு ஒன்றாக வெள்ளையில் கலக்கிறது, தூண்கள் மட்டும் கறுப்பு. மக்கள் கால் வைத்து நடக்கக்கூடிய இடமெல்லாம் வெள்ளை. எந்த இடம் யாருடையது என்று ஒரு வார்த்தை எழுதாமலே அந்த நகரத்தில் எங்கே போகலாம் என்பது தெரிந்துவிடுகிறது. கட்டடங்களுக்குள் இருந்த எத்தனையோ அறைகளை அவர் விட்டுவிட்டார். வரைந்த இடத்தில் அளவை மாற்றவில்லை. பின்னால் ராபர்ட் வென்சூரியும் டெனிஸ் ஸ்காட் பிரவுனும் ஸ்டீவன் ஐசனவரும் 1972-இல் லாஸ் வேகாஸ் பற்றி வெளியிட்ட நூலில் இதே முறையை எடுத்தாண்டார்கள். ஒரு தளவரைபடத்தைப் பொதுமக்களுக்காக மாற்றும் எவருக்கும் நோலிதான் ஆசான் என்பது என் உறுதியான கருத்து.

நோலியின் கருமையைக் கட்டடக்கலையில் போஷே என்கிறோம், சுவரின் வெட்டுமுகத்தை நிரப்புவது. நம் கேட் படத்தில் அந்த நிரப்பு இல்லை. சுவர் என்பது இரண்டு இணைகோடுகள். கதவு வரும் இடத்தில் அவை வெட்டுப்பட்டிருக்கும். மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும், அல்லது அரை மில்லிமீட்டர் தள்ளி நின்றிருக்கும். ஒரே கோடு இரண்டு மூன்று முறை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். மேஸ்திரிக்கு அதில் எந்தச் சிக்கலும் இல்லை, அவர் எண்ணைப் படித்துக் கட்டிவிடுவார். வடிவமைப்பாளர் நிறம் நிரப்பப் போனால், வரப்பு உடைந்த வயலில் தண்ணீர் நிற்காததுபோல நிறம் அறையை விட்டு வழிந்து போகிறது.

இல்லஸ்ட்ரேட்டரில் உட்கார்ந்து இந்த இடைவெளிகளைக் கையால் அடைப்பதில் நாள்கணக்கில் நேரம் போகும். செய்ய வேண்டிய இடம் அதுவல்ல. கேடிலேயே செய்ய வேண்டும். ஏற்றுமதிப் பிரதியில் பர்ஜ் கொடுத்து வேண்டாத குப்பையை நீக்குங்கள். ஓவர்கில் கொடுத்தால் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகள் போய்விடும். பிறகு பவுண்டரி கட்டளையால் ஒவ்வொரு சுவர்த் துண்டையும், ஒவ்வொரு அறையையும் மூடிய பாலிலைனாக எடுத்துத் தனி லேயரில் வையுங்கள். வெளியிலிருந்து இணைத்த எக்ஸ்ரெஃப் கோப்புகள் இருந்தால் பைண்ட் செய்யுங்கள், இல்லையென்றால் போய்ச் சேரும் இடத்தில் பாதிக் கட்டடம் காணாமல் போகும். ரெவிட் போன்ற மென்பொருளில் சுவர் சுவராகவே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. எதைக் காட்டுவது என்ற முடிவு அங்கேயும் நாம் எடுப்பதுதான்.

எதையெல்லாம் விடுவது? பரிமாணக் கோடுகள், தூண் கிரிட், பீம், மின்சாரப் பாயின்டுகள், பிளம்பிங், மட்டக் குறிகள் எல்லாவற்றையும் லேயரோடு அணைத்துவிடலாம். சுவர், தூண், கதவு, ஜன்னல், படிக்கட்டு, கழிப்பறைச் சாதனங்கள் நிற்க வேண்டும். கதவு திறக்கும் வில் வளைவு வேண்டுமா என்பது இடத்தைப் பொறுத்தது. வீடு வாங்குபவருக்குக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பது முக்கியம், பீரோ எங்கே வைப்பது என்பதே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. மருத்துவமனையில் எக்ஸ்ரே அறையைத் தேடி வருபவருக்கு அது வேண்டாத கோடு.

மேஜை நாற்காலி கட்டில் பற்றி இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பிரோஷர் பிளானில் கட்டிலைப் போடுவது நல்ல பழக்கம், அறையின் அளவு மனிதருக்குப் பிடிபடும். ஆனால் அறை பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கட்டிலைச் சுருக்கிப் போடுகிறார்கள். ஆறடிக் கட்டில் நாலரை அடிக் கட்டிலாகிவிடுகிறது. சுவர்களெல்லாம் சரியான அளவில்தான் இருக்கின்றன, படம் மட்டும் பொய் சொல்கிறது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு வாங்குபவர், அந்தக் கட்டிலைப் பார்த்துத்தான் தன் வீட்டுக் கட்டிலும் பீரோவும் அங்கே பொருந்தும் என்று முடிவு செய்கிறார். இதைச் செய்யச் சொல்லி யார் கேட்டாலும் செய்யாதீர்கள். கட்டிலும் சோபாவும் கேடில் உண்மையான அளவில் பிளாக்காக இருந்து, படத்தோடு சேர்ந்தே சுருங்கி வரவேண்டும். தனியாக ஒரு கிளிப் ஆர்ட்டை எடுத்து அறைக்குள் கண் அளவில் ஒட்டக் கூடாது.

கோட்டுத் தடிமனுக்கு வருகிறேன். ஆட்டோகேடில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று திரையில் பார்க்கிறோமே, அவை நிறத்துக்காக வந்தவை அல்ல. பேனா பிளாட்டர் காலத்தில் ஒவ்வொரு நிற எண்ணுக்கும் ஒரு பேனா. அந்த மரபில்தான் சிடிபி என்ற அட்டவணை வந்தது: சிவப்பு என்றால் 0.18 மி.மீ. கறுப்பு, மஞ்சள் என்றால் 0.35 மி.மீ. கறுப்பு என்று ஒவ்வோர் அலுவலகமும் வைத்துக்கொள்ளும். டிஎக்ஸ்எஃப் கோப்பை நேரடியாக வடிவமைப்பு மென்பொருளில் திறந்தால் அந்த அட்டவணை அதனுடன் வராது. சிவப்பு சிவப்பாகவே வந்து நிற்கும், பெரும்பாலும் எல்லாக் கோடும் ஒரே தடிமனில் இருக்கும். வெட்டுப்பட்ட சுவர் எது, தரையில் தெரியும் டைல்ஸ் கோடு எது என்ற வேறுபாடே போய்விடும்.

அதனால் பெரும்பாலான வேலைகளுக்கு நான் பரிந்துரைப்பது இதுதான். ஆட்டோகேடின் லே-அவுட்டில் சரியான விகிதத்தில் வியூபோர்ட் வைத்து, சிடிபியோடு பிடிஎஃபாகப் பிளாட் செய்து அனுப்புங்கள். விகிதமும் தடிமனும் அதிலேயே வந்துவிடும். வடிவங்களை வெட்டி ஒட்டி மறுபடி கட்டவேண்டிய பெரிய வேலைகளுக்கு மட்டும் டிஎக்ஸ்எஃபையும் சேர்த்துக் கொடுங்கள். எது வந்தாலும் பிளாட் செய்யும் தாள், கடைசியில் அச்சாகும் தாளின் அளவிலேயே இருக்கட்டும். ஏனென்றால் ஏ1 தாளுக்காக வரைந்ததை ஏ4-க்குச் சுருக்கினால் நீளம் 0.354 மடங்காகிறது. 0.25 மி.மீ. கோடு 0.088 மி.மீ. ஆகிவிடும், அது கால் பாயின்ட். அச்சகங்கள் பொதுவாக அதற்குக் கீழே போகவேண்டாம் என்பார்கள். 0.13 மி.மீ. கோடு அதிலும் பாதியாகி, அங்கங்கே அறுந்து அச்சாகும். கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடென்றால் மை பரவி மூடிவிடும், இன்னும் தடிமனாக வைக்க வேண்டும்.

கறுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேடிலிருந்து வரும் பிடிஎஃப் ஆர்ஜிபி நிறத்தில் இருக்கும். அதை சிஎம்ஒய்கே ஆக்கும்போது அந்தக் கறுப்பு சயான், மஜென்டா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு மைகளாகப் பிரியும். நான்கு பிளேட்டும் மயிரிழை விலகினால்கூட மெல்லிய கோட்டின் ஓரத்தில் வண்ண நிழல் தட்டும். கோடுகள் அனைத்தையும் தேர்ந்தெடுத்து, கறுப்பு மட்டும் நூறு சதவீதம் என்று மாற்றிவிடுங்கள். ஆஃப்செட்டில் வேலை செய்பவர்கள் இதை அறிவார்கள், ஆர்க்கிடெக்ட் அலுவலகங்களில் பலர் அறியமாட்டார்கள்.

பரப்பை நிரப்பும் கோட்டுக்கோலங்களான ஹேட்சுகள் சிக்கலானவை என்றாலும் சொல்ல அதிகமில்லை. புல்தரை என்று ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு கோடுகள் வரும், கோப்பு கனத்துக் கணினி திணறும். அந்த லேயரையே அணைத்துவிட்டு, மூடிய எல்லையை எடுத்து ஒரே நிறத்தால் நிரப்புங்கள்.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். கேடின் பழைய எஸ்ஹெச்எக்ஸ் எழுத்துருக்கள் கோட்டால் வரைந்தவை, பிடிஎஃபில் அவை எழுத்தாக இல்லாமல் கோடாகவே வரும். தமிழை ட்ரூடைப் எழுத்துருவில்தான் எழுதுகிறோம். பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில் அறைப் பெயர்களை எழுதியிருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எல்லாம் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகக் காட்சி தரும். யூனிகோடில் எழுதியிருந்தாலும், இந்திய எழுத்துகளைக் கோக்கும் வசதி மென்பொருளில் இயங்காதபோது, கொ, கோ, கௌ போன்ற எழுத்துகளின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். இல்லஸ்ட்ரேட்டரில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரை இயக்கினால்தான் சரியாக வரும். என் யோசனை, கேடிலிருந்து எழுத்தையே கொண்டுவர வேண்டாம். அறைகளின் பெயரை வடிவமைப்பு மென்பொருளில் யூனிகோடில் புதிதாக அடியுங்கள். அச்சகத்துக்குக் கொடுக்கும் பிரதியில் மட்டும் அவுட்லைனாக மாற்றுங்கள். திருத்தக்கூடிய பிரதி உங்களிடம் இருக்கட்டும். சமையலறை என்பதில் ஒரு கொம்பு இடம் மாறி நின்ற பலகையை நோயாளிகளும் குழந்தைகளும் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பது நம் மொழிக்கு நாம் செய்யும் அவமரியாதை.

அடுத்தது திசை. நோலிக்கு முன்பு வரை ரோம் நகரப் படங்களில் கிழக்கை மேலே வைப்பது வழக்கமாக இருந்தது. அவர் காந்த வடக்கை மேலே வைத்தார். நம் வேலையில் பக்கத்தில் அழகாகப் பொருந்த வேண்டும் என்பதற்காகப் பிளானைத் திருப்புகிறோம். திருப்பலாம், தவறில்லை. வடக்கு அம்பும் சேர்ந்து திரும்ப வேண்டும். அம்பைத் தனியாகப் பிரித்து, மூலையில் நேராக நிறுத்தி அழகுபடுத்துகிறார்கள், அங்கேதான் கெடுகிறது. அதைவிடப் பெரிய கேடு, கண்ணாடிப் பிம்பமாகப் புரட்டுவது. நம் மக்கள் வீட்டு வாசல் எந்தத் திசை, சமையலறை அக்னி மூலையில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் முன்பணம் கொடுக்கிறார்கள். அந்த நம்பிக்கையை நாம் ஏற்கலாம், ஏற்காமல் இருக்கலாம். தென்கிழக்கில் கட்டப்போகும் சமையலறையைப் புரட்டிப்போட்டு, தென்மேற்குக் கன்னி மூலையில் இருப்பதாக அச்சிட நமக்கு உரிமை இல்லை. புரட்டிய பிளான் வேறொரு வீட்டின் பிளான்.

பொது இடங்களில் மாட்டும் படங்களில் விதி சற்று வேறு. நீங்கள் இங்கே இருக்கிறீர்கள் என்று குறிக்கும் படங்களைப் பற்றி உளவியலாளர் மார்வின் லெவின் 1982-இல் எழுதினார். படத்தில் மேலே இருப்பது, பார்ப்பவருக்கு எதிரே இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும் என்பது அவருடைய ஆய்வின் சாரம். ஒத்துப்போகாவிட்டால் பலர் எதிர்த்திசையில் நடக்கிறார்கள். வெளியேறும் வழிப் படங்களுக்கான ஐஎஸ்ஓ 23601 தரமும் பார்ப்பவர் நிற்கும் நிலைக்கு ஏற்பவே படத்தை வைக்கச் சொல்கிறது. அப்படியானால் வடக்குச் சுவரில் மாட்டும் படமும் தெற்குச் சுவரில் மாட்டும் படமும் ஒன்றாக இருக்க முடியாது. ஒரே படத்தைப் பத்துப் பிரதி எடுத்துப் பத்து இடத்தில் மாட்டுவதை எத்தனையோ கட்டடங்களில் பார்க்கிறோம். புகை சூழ்ந்த நேரத்தில் அந்தப் படம் ஒருவரைத் தவறான பக்கம் அனுப்பும். சுவரும் வழியும் ஒரு லேயர், எழுத்துகள் இன்னொரு லேயர் என்று முதலிலேயே பிரித்து வைத்திருந்தால், படத்தைத் திருப்பிவிட்டு எழுத்துகளை மட்டும் நிமிர்த்திவிடலாம். ஒவ்வொரு படத்துக்கும் சில நிமிட வேலைதான்.

வீட்டு விற்பனைப் பிரோஷர் செய்பவர்கள் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, விளம்பரத்திலோ விவரக் கையேட்டிலோ மாதிரி வீட்டிலோ உள்ள தவறான தகவலை நம்பிப் பணம் கட்டி இழப்படைந்தவருக்குக் கட்டுநர் இழப்பீடு தரவேண்டும் என்கிறது. வாங்குபவர் விலக விரும்பினால் கட்டிய தொகை முழுவதையும் வட்டியோடு திருப்பித் தரவேண்டும். கார்பெட் ஏரியா என்றால் என்ன என்பதையும் அதே சட்டம் வரையறுக்கிறது. வெளிச்சுவர்களும் சர்வீஸ் ஷாஃப்டும் அந்த வீட்டுக்கே உரிய பால்கனியும் திறந்த மொட்டைமாடியும் கணக்கில் சேராது, உள்ளே இருக்கும் தடுப்புச் சுவர்கள் சேரும். கேடில் வெளிச்சுவரின் உட்கோட்டை ஒட்டி எடுத்த மூடிய பாலிலைன், ஷாஃப்டைக் கழித்துவிட்டால், இந்தப் பரப்பை அப்படியே சொல்லும். அதே பாலிலைனைத்தான் வடிவமைப்பாளரும் நிறம் நிரப்பப் பயன்படுத்துகிறார். எண்ணும் படமும் ஒரே ஊற்றிலிருந்து வரும்போது முரண்பாட்டுக்கு இடமில்லை.

அறை அளவுகளை அடிக்கு மாற்றும்போதும் கை தாராளமாகிவிடக் கூடாது. 3,000 மி.மீ.க்கு 3,600 மி.மீ. அறை என்பது ஏறக்குறைய 9 அடி 10 அங்குலத்துக்கு 11 அடி 10 அங்குலம். அதைப் பத்துக்குப் பன்னிரண்டு என்று போட்டால் 120 சதுர அடி. உண்மையில் இருப்பது 116 சதுர அடியும் கொஞ்சமும். வீட்டின் எல்லா அறைகளிலும் இப்படிக் கூடினால், வாங்குபவர் இல்லாத இடத்துக்குக் காசு கொடுத்ததாகிறது.

இன்னொரு பொறுப்பு, விட்டது உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்ப்பது. கேட் லேயர்களைப் பிடிஎஃபோடு சேர்த்து அனுப்பும் வசதி இருக்கிறது. மேலே வெள்ளைக் கட்டத்தைப் போட்டு மறைத்தாலும் அடியில் கோடுகள் இருக்கும். வங்கியின் பாதுகாப்பு அறை, கண்காணிப்புக் கேமராக்களின் இடம், மருத்துவமனையின் மின்சாரத் தடங்கள் எல்லாம் அச்சகத்துக்கும் இணையத்துக்கும் இப்படித்தான் போய்ச் சேருகின்றன. மறைப்பதோடு நிறுத்தாதீர்கள், நீக்குங்கள். நீக்கிய பிரதியைப் புதிய கோப்பாகச் சேமித்து அதை மட்டும் அனுப்புங்கள். வரைந்தவரின் அனுமதியும் வேண்டும். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் கட்டட வரைபடமும் கலைப் படைப்புதான்.

நிறைவாக இரு தரப்புக்கும் ஒவ்வொரு வேண்டுகோள். கட்டடக்கலைஞர்களே, ஒவ்வொரு திட்டத்திலும் கட்டுமான வரைபடத் தொகுப்பை முடிக்கும்போது, பொதுமக்களுக்கான ஒரு பிரதியையும் சேர்த்து முடித்து வையுங்கள். அதில் மூடிய சுவர்கள், உண்மை அளவில் மேஜை நாற்காலி, வடக்கு அம்பு, 10 மீட்டர்க் கோடு இவ்வளவும் இருந்தால் போதும். வடிவமைப்பாளர்களே, அச்சுக்குப் போகும் முன் உங்கள் கடைசிப் படத்தின் ஒரு நகலை வரைந்தவருக்கு அனுப்பி, அளவும் திசையும் சரி என்று அவர் கையெழுத்திட்டுத் திருப்பித் தந்த பிறகே பிளேட் போடச் சொல்லுங்கள்.